ஓடும் இயந்திரத்தின் வட்டை இடம் மாற்றுதல்

வீட்டிலே மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கையில், அவர் அறியாவண்ணம் அதன் அத்திவாரத்தை வேறு நிலத்துக்கு மாற்றுதல் இயலுமா? கணினி உலகில் அஃது இயல்வதாயிற்று.

மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் அமைந்த கணினி. அதன் வட்டோ, சேமிப்பகமொன்றிலுள்ள பெருங்கோப்பேயன்றி வேறன்று. சேமிப்பகம் நிரம்பும்போதும் பழமையுறும்போதும் அக்கோப்பு இடம்பெயர வேண்டும். 2007ஆம் ஆண்டு விஎம்வேர் நிறுவனம் ‘ஸ்டோரேஜ் விமோஷன்’ முறையை வெளியிட்டபின், இயந்திரத்தை நிறுத்தாமலே இது கைகூடிற்று.

எவ்வாறெனின், 2011இல் வெளிவந்த விஸ்பியர் 5 பதிப்பில், வட்டு தொடக்கமுதல் இறுதிவரை ஒருமுறை படியெடுக்கப்படும். படியெடுத்து முடிந்த பகுதியில் புதிதாக எழுதப்படுவது, பழைய இடம், புதிய இடம் இரண்டிலும் பதியும். படியெடாத பகுதியில் எழுதப்படுவது பழைய இடத்தில் மட்டுமே பதியும். இறுதியில் இரண்டும் ஒத்திருக்கும். இயந்திரம் புதியதைப் பற்றிக்கொள்ள, பழையது நீக்கப்படும்.

வட்டுகள் நூறாயின், பவர்சிஎல்ஐ போன்ற கருவிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தல் வழக்கம். ஆயின், கருவிக்குப் பணியத் தெரியுமேயன்றி ஐயுறத் தெரியாது. சேமிப்பகத்தின் பெயர் பிழைத்தால் நூறும் பிழையான இடம் சேரும். 20 கிகாபைட் இடத்தையே கொண்டிருந்த 100 கிகாபைட் மெல்லமைப்பு வட்டு, முழு அமைப்பாக மாற்றப்படின் 100 கிகாபைட்டையும் கொள்ளும். சேமிப்பகம் நிரம்பினால் அங்குள்ள பிற இயந்திரங்களும் தடைப்படலாம்.

ஆதலின், இட அளவைச் சோதிக்கும் வரியும், பிழை நேரின் நிறுத்தும் வரியும் கட்டளையிலேயே இருத்தல் வேண்டும். காப்புப் பிரதி முன்னரே எடுக்கப்படல் வேண்டும். முதலில் ஒரு வட்டு. அது செவ்வனே சேர்ந்தபின் மற்றவை. விரைவு கருவியினுடையது, பொறுப்பு மனிதனுடையது.