‘அலிபாபா’வை 4கே ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறும் முன்பே கண்ணில் படும் பழைய வளைவு, மாடர்ன் தியேட்டர்ஸின் மிச்சம். டி.ஆர்.சுந்தரம் இயக்கத்தில் இந்நிறுவனம் தயாரித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

இப்படியான பழைய படங்களை ஏஐ மூலம் 4கே ஆக்கலாம். சிக்கல், நேரம்தான். நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு நொடி என்றாலே 60 மணி நேரம்!

படத்தை நான்காகப் பிரித்து, நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஒரே சமயத்தில் ஓட்டினால், சுமார் 15 மணி நேரம் போதும். ஆனால், பல ஏஐ மாடல்கள் முன்பின் ஃப்ரேம்களையும் பார்த்தே வேலை செய்யும். எனவே காட்சி மாறும் இடத்தில் பிரிப்பதே நல்லது. இல்லையென்றால் ஒட்டுமிடம் துருத்தித் தெரியும்.

இல்லாத விவரத்தை ஏஐ ஊகித்தே நிரப்புகிறது, முகச்சாயல்கூட மாறலாம். அதனால், மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை!