புதுக்கோட்டை டு ஊட்டி: ஓட்டக்காரர்களை ஏன் மலைக்கு அனுப்புகிறார்கள்?

2017 ஜூலை, புவனேஸ்வர். ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பின் முதல் நாளில் 5,000 மீட்டரில் தங்கம். கடைசி நாளில் 10,000 மீட்டரிலும் தங்கம். நான்கு நாளில் இரண்டையும் வென்றவர் ஜி.லட்சுமணன், புதுக்கோட்டைக்காரர், ராணுவ வீரர். அதற்கு முந்தைய ஆண்டு குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில், பெண்கள் பிரிவில் இதே இரண்டு தங்கங்களை அள்ளியவர் எல்.சூர்யா. அவரும் புதுக்கோட்டைதான்!

கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில், வெயிலும் செம்மண்ணுமாகக் கிடக்கும் மாவட்டம் இது. ஓடிப் பழக நல்ல இடம்தான். ஆனால், ஆசிய அளவைத் தாண்ட வேண்டுமென்றால் அடுத்த பயிற்சி மலை மேல்தான் என்கிறது தடகள உலகம்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றது 1968-ல். அந்த ஆண்டு ஒலிம்பிக் மெக்சிகோ சிட்டியில் நடந்தது. உயரம் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். 10,000 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் தேற்றினார்கள். தங்கம் வென்றது மேட்டுநிலத்தில் வளர்ந்த கென்யாவின் நஃப்தாலி டெமு.

அப்படி மலையில் என்ன இருக்கிறது? இருப்பதைவிட, இல்லாததுதான் விஷயம். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியில் கிடைப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே உள்ளே போகும். உடல் சும்மா இருக்காது. சிறுநீரகம் ‘எரித்ரோபோயிட்டின்’ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை அதிக சிவப்பணுக்களைத் தயாரிக்கும். மூன்று, நான்கு வாரம் கழித்துக் கீழே இறங்கினால், தசைகளுக்கு ஆக்சிஜன் சுமக்க ரத்தத்தில் கூடுதல் ஆட்கள் தயார்! (இதே ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் ஊக்கமருந்து. தடைதான்.)

இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஊட்டி பல ஆண்டுகளாகப் பயிற்சிக்களம். பெலாரஸைச் சேர்ந்த பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரேவ் இங்கு நடத்திய முகாம்கள் பிரபலம். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கமும் வெள்ளியும் வென்ற பிரீஜா ஸ்ரீதரன், கவிதா ராவத் இருவரும் அவரிடம் பயின்றவர்கள்.

ஆனால், பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் தவறு. முகாமின் வெற்றி, மலையேறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் தீர்மானமாகிவிடுகிறது. சிவப்பணு உருவாக இரும்புச்சத்து வேண்டும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைவாக இருந்தால், மலையில் என்னதான் சிரமப்பட்டாலும் பலன் சொற்பமே. ரத்தசோகை சகஜமாக உள்ள நம் கிராமங்களிலிருந்து, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, இதைப் பார்க்காமல் அனுப்புவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஊட்டி குளிரில் டீயைத் தள்ளிப்போடச் சொல்வதுதான் முகாம் பொறுப்பாளரின் முதல் சவால்!

முதல் வாரம் மெதுவோட்டம் மட்டும். தூக்கம் கெடும், பசி மந்தமாகும், வறண்ட காற்றில் தாகம் தெரியாமலே உடல் நீர் குறையும். எடையும் தூக்கமும் தினமும் நோட்டில் ஏற வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து படிப்படியாகக் கடினப் பயிற்சி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜன் குறைவான இடத்தில் முழு வேகத்தில் ஓட முடியாது. வேகம் பழகாத கால் போட்டியில் திணறும். அதற்குத்தான், ‘தங்குவது மேலே, வேக ஓட்டம் கீழே’ என்ற முறை. 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் இது பலன் தருவதைக் காட்டினார்கள். நீலகிரியில் இதற்கு வசதி உண்டு. மேட்டுப்பாளையம் சுமார் 50 கிலோமீட்டர் கீழேதான். ஆனால், அந்த கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஓடி, மறுபடி ஏறுவதற்குள் ஒரு நாளே போய்விடும். வண்டி, டிரைவர், சாப்பாடு, ஓய்வு... எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து போடும் கணக்கு.

அந்த ‘யாரோ ஒருவர்’ யார்? பெரும்பாலும் ராணுவம், ரயில்வே, அல்லது தேசிய முகாம். இவற்றில் இடம் பிடிக்காத மாவட்ட அளவு ஓட்டக்காரருக்கு, ஒரு மாத அறை வாடகையும் சத்தான சாப்பாடுமே மலைப்புதான். இப்போது உச்சத்தில் இருக்கும் குல்வீர் சிங்கும் ராணுவ வீரர்தான். அவரை அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலைநகரம் வரை அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். விளைவு, 2025 மார்ச்சில் 10,000 மீட்டரில் 27 நிமிடம் 0.22 விநாடி என்ற தேசிய சாதனை. இரண்டே மாதத்தில், தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். எட்டு ஆண்டுகளுக்கு முன் லட்சுமணன் செய்த அதே சாதனை!

லட்சுமணனின் கதையில் ஒரு வலியும் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி, 10,000 மீட்டர். 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் உறுதி என்று நாடே கொண்டாடிய நேரத்தில், ஓட்டத்தின்போது உட்புறக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இந்தியாவின் மேல்முறையீடும் எடுபடவில்லை. இருபத்தைந்து சுற்று ஓடியவரின் பதக்கம், கோட்டுக்கு உள்ளே விழுந்த காலடியில் போனது.

அதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் இழந்தது இன்னும் பெரிது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விவரம் ஊடகங்களில் வெளியானது. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்கு, அந்த நேரத்தில் சட்டமும் மருத்துவமும் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார்.

உங்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளை இருக்கிறதா? பள்ளி வயதில் மலை முகாம் தேவையில்லை. மண் தரையில் சீரான ஓட்டம், எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், முருங்கைக்கீரை, முட்டை, முடிந்தால் ஈரல், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ போதும். ஹீமோகுளோபின் பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். பிள்ளை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கினால், ‘இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு’ என்று விரட்டாமல், முதலில் அந்த டெஸ்ட்டை எடுங்கள்.