சிறுதொழில் முனைவோரும் கடன் பதிவும்

சிறுதொழில் நடத்தும் ஒருவர் வங்கியில் கடன் கேட்டால், அங்குள்ள அதிகாரி கடைக்கு வரும் கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. விண்ணப்பதாரர் முன்பு வாங்கிய கடன்களை எவ்வாறு திருப்பிச் செலுத்தினார் என்பதையும் ஆராய்கிறார். மலேசியாவில் இவ்விவரங்கள் பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டில் தொடங்கிய 'சிசிரிஸ்' எனும் கடன் தகவல் முறையில் பதிவாகின்றன. சிடோஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்களும் உள்ளன. அவை 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டத்திற்கு உட்பட்டுச் செயல்படுகின்றன.

சிசிரிஸ் அறிக்கையில் வீட்டுக் கடன், வாகனத் தவணை, கடன் அட்டை முதலியவற்றின் நிலுவை இருக்கும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்குரிய கட்டங்கள் இருக்கும். கட்டத்தில் 0 என்றிருந்தால் தவணை பாக்கி இல்லை. 2 என்றிருந்தால் இரண்டு மாதத் தவணை பாக்கி. சிசிரிஸ் என்பது ஒரு 'கறுப்புப் பட்டியல்' என்று பலரும் நினைக்கின்றனர். அது தவறு. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அது சொல்வதில்லை. முடிவெடுப்பது வங்கியே. சிடோஸ் நிறுவனமோ 300 முதல் 850 வரை மதிப்பெண் வழங்குகிறது.

கிள்ளானில் ஒரு பெண்மணி முறுக்குத் தொழில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு பிசையும் இயந்திரம் வாங்க அவருக்கு 20,000 ரிங்கிட் தேவைப்படுகிறது. தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. வியாபாரம் நன்றாக நடக்கிறது. மாவுக் கடைக்குப் பாக்கி வைத்ததே இல்லை. ஆனால், அவர் பெயரில் வாங்கிய காரை ஓட்டுபவர் அவருடைய தம்பி. தவணையைத் தம்பி பலமுறை தாமதமாகக் கட்டியிருக்கிறார். அந்தத் தாமதம் அக்காவின் பதிவில்தான் ஏறும். இயந்திரக் கடனுக்கு வங்கி தயங்கினால் அதற்குக் காரணம் முறுக்கு அன்று, கார்தான்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். காருக்கும் தொழிலுக்கும் என்ன தொடர்பு? அவருடைய தொழில் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இவ்வகைத் தொழிலில் உரிமையாளரும் தொழிலும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறல்லர். தொழிலின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். 'செண்டிரியான் பெர்ஹாட்' நிறுவனமாகப் பதிவு செய்தால் நிறுவனம் தனி நபராகக் கருதப்படும். அதன் பெயரிலேயே கடன் பதிவும் இருக்கும். ஆயினும், சிறிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநரின் தனிப்பட்ட பிணையையும் கேட்கின்றன. எனவே, தொழில் முனைவோர் இரண்டு பதிவுகளையும் கவனித்து வரவேண்டியுள்ளது.

கடனே வாங்காதவருக்கும் சிக்கல் உண்டு. நம் மக்களிடையே கூட்டுப் பிடிக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மலேசியச் சட்டமே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதனை ஒரு தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டில் தடை செய்தது. ஒருவர் பத்து ஆண்டுகள் தவறாமல் கூட்டுப் பணம் கட்டியிருந்தாலும் அந்த நாணயம் சிசிரிஸில் ஏறாது. வங்கிக்குத் தெரிவது வெறுமையான பக்கம் மட்டுமே. கடன் அட்டையில் சிறு தொகையைச் செலவிட்டு, மாதந்தோறும் முழுமையாகக் கட்டி வருவது அப்பக்கத்தை நிரப்பும் எளிய வழிகளுள் ஒன்று.

சிசிரிஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே பெறலாம். கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் பார்ப்பதைவிடச் சில மாதங்களுக்கு முன்பே பார்ப்பது பயன் தரும். பாக்கியைத் தீர்த்துவிட்டு ஒழுங்காகக் கட்டிவந்தால், பழைய தாமதங்கள் 12 மாதக் கட்டங்களிலிருந்து படிப்படியாக நகர்ந்துவிடும். முறுக்குத் தொழில் செய்யும் அந்தப் பெண்மணிக்கு நான்கு மாதங்கள் போதா. ஓராண்டுக்கு முன்பே பார்த்திருந்தால் தம்பியிடம் பேசியிருக்கலாம்.

அறிக்கையில் தாம் வாங்காத கடன் இருந்தால், வேறு யாரோ அடையாள அட்டை விவரங்களைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். அப்போது அத்தகவலைத் தந்த வங்கியிடம் உடனே எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்தம் கோரவேண்டும். கடன் உண்மையாகவே கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்போர், பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.