தவளையில் தொடங்கிய ஆய்வு

முனைவர் பட்டம் பல நூல்களைக் கற்றமைக்கான சான்று அன்று. விடை காணப்படாத ஒரு வினாவிற்குத் தாமே ஆய்ந்து விடை தேடியமைக்கான சான்றாகும். விலங்குகளின் உடல் இயங்கும் முறையை ஆராயும் உடற்செயலியல் துறையில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, டென்மார்க் நாட்டு அறிஞர் ஆகஸ்ட் குரோக் (1874–1949).

கோபன்ஹேகனில் பேராசிரியர் கிறிஸ்டியன் போரின் ஆய்வகத்தில் பணியாற்றிய குரோக், தவளையின் சுவாசத்தை முனைவர் பட்ட ஆய்விற்குத் தேர்ந்தெடுத்தார். தவளை தோலாலும் நுரையீரலாலும் சுவாசிப்பது. அவ்விரண்டையும் தனித்தனியே அளந்த அவர், தோல்வழிச் சுவாசம் பெரிதும் மாறாதிருக்க, நுரையீரல்வழிச் சுவாசம் நரம்புகளின் ஆளுகைக்கேற்ப மிகவும் மாறுவதைக் கண்டறிந்தார். 1903இல் பட்டம் பெற்றார்.

நுரையீரல் ஒரு சுரப்பியைப் போன்று ஆக்சிஜனை இரத்தத்திற்குள் செலுத்துகிறது என்பது போரின் கொள்கை. குரோக், மருத்துவரான தம் மனைவி மேரியுடன் இணைந்து, நுரையீரல் காற்றிலும் இரத்தத்திலும் உள்ள வாயுக்களின் அழுத்தத்தை நுட்பமாக அளந்தார். ஆக்சிஜனின் அழுத்தம் இரத்தத்தைவிட நுரையீரல் காற்றிலேயே மிகுந்திருந்தது. மேட்டுநீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு வாயு தானே பரவுகிறது. அதனைச் சுரந்து செலுத்த வேண்டுவதில்லை.

ஆசிரியரின் கொள்கையை மறுக்கும் இம்முடிவை 1910இல் குரோக் வெளியிட்டார். ஆசிரியருக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் அதிலேயே குறிப்பிட்டார். மேரியும் மனித நுரையீரலில் வாயுப் பரவலை ஆராய்ந்து 1914இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆசிரியரை மதித்தல் வேறு. அவர் கூற்றை ஆராயாது ஏற்றல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே ஆய்வுக் கல்வியின் பயன்.