'இரண்டாம் ரேவன்': இந்தியப் பெருங்கடலில் ஒரு கடல்விமானத் தாய்க்கப்பல்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டன், தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1917இல் கொழும்புக்கு அருகே நிகழ்ந்ததோ நினைவில் தங்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் 'வொல்ஃப்' என்னும் ஜெர்மானியக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிக் கண்ணிவெடிகளை இட்டது. அவற்றில் மோதி 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் மூழ்கின. அக்கப்பலைத் தேடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டதே 'இரண்டாம் ரேவன்'.

இது போர்க்கப்பலாகக் கட்டப்பட்டதன்று. 'ராபென்ஃபெல்ஸ்' என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பலாக இருந்த இதனை, 1914 ஆகஸ்டில் போர்ட் சைதில் பிரித்தானியர் கைப்பற்றினர். கடல்விமானங்களைச் சுமக்கும் கலமாக 1915இல் அது கடற்படைப் பணியில் சேர்ந்தது. விமானம் ஓடி எழுவதற்கான மேல்தளம் இதில் இல்லை. பாரந்தூக்கியால் விமானத்தை நீரில் இறக்குவர். அது அலைமீது ஓடி எழும். திரும்பி வந்து நீரில் அமர்ந்ததும் மீண்டும் மேலே தூக்குவர். ஆகவே கடல் கொந்தளித்தால் பறத்தல் இயலாது. தொடக்கத்தில் பிரெஞ்சு விமானிகளும் பிரித்தானிய நோக்கர்களும் இணைந்தே பறந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1917 ஜனவரியில் 'பென்-மை-க்ரீ' கப்பலைத் துருக்கியப் பீரங்கிகளிடம் இழந்த சார்லஸ் சாம்சன், பின்னர் இதன் தலைமையேற்றார். 'பொத்துவோ' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலின் துணையுடன் இலட்சத்தீவு, மாலத்தீவுக் கடல்களில் அவர் தேடினார். திரளான பவளத்தீவுகளிடையே ஒளிந்திருக்கும் கலத்தைக் காண வானிலிருந்து நோக்குவதே தக்க வழி. திட்டத்தில் பிழையில்லை, காலம்தான் பிந்திவிட்டது. வொல்ஃப் அதற்குள் தென்கடலுக்கு விலகி, ஜூனில் நியூசிலாந்துக்கு வடக்கே தன் சொந்தக் கடல்விமானமான 'வோல்ஃப்ஹென்'னின் உதவியுடன் 'வைருனா'வைப் பிடித்தது. தேடியதும் தேடப்பட்டதும் ஒரே கருவியையே கொண்டிருந்தன.

இதனினும் வியப்பு, பின்னர் நேர்ந்தது. தேடிய கப்பல் போர்ட் சைதுக்குத் திரும்பியபின், செப்டம்பர் 26 அன்று, அதே மாலத்தீவுக் கடலில், கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்த 'ஹிட்டாச்சி மாரு'வை வொல்ஃப் கைப்பற்றியது.

பின்னர் இரண்டாம் ரேவன் நிலக்கரிக் கப்பலாக மாற்றப்பட்டு 'ரேவன்ராக்' எனப் பெயர் பெற்றது. 'ராபென்' என்பது அண்டங்காக்கை. 'ஃபெல்ஸ்' என்பது பாறை. பகைவர் சூட்டிய பெயரை முதலில் பாதியாகக் குறைத்த ஆங்கிலேயர், இறுதியில் அதனை முழுமையாகவே மொழிபெயர்த்துவிட்டனர்.