மலையும் விமானமும்

நானுஓயாப் புகையிரத நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் வண்டி, அட்டனையும் தலவாக்கலையையும் கடந்து, தேயிலைச் சரிவுகளை வளைந்து வளைந்து சுற்றியே அவ்விடத்தை எட்டுகின்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, அந்நிலையத்தின் மேடையைவிடத் தாழ்ந்த உயரத்தில், இதே மலைநாட்டின் மேற்குப் பகுதியில், நான்கு எஞ்சின்கள் கொண்ட டீ.சி. 8 விமானமொன்று பறந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்துக்குரிய அவ்விமானம், சுரபாயாவிலிருந்து புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் ஊழியர் 9 பேரையும் தாங்கி, கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில் அது மோதியது. 191 பேரும் மாண்டனர்.

ஆகாயத்தில் நேரும் ஆபத்துக்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வன. எஞ்சினில் தீப்பற்றினால் மணி ஒலிக்கும். சிவப்பு விளக்கு எரியும். ஒரு விமானி விமானத்தைச் செலுத்த, மற்றவர் எழுதிவைத்த ஒழுங்கின்படி ஒவ்வொன்றாகச் செய்துமுடிப்பார். ஆனால் அன்றிரவு நேர்ந்தது வேறு வகை. விசாரணையாளர் காரணமாகக் கண்டது இயந்திரக் கோளாறு அன்று. விமானம் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதைப் பிழையாகக் கணித்தமையேயாகும். கட்டுநாயக்கா அருகில் வந்துவிட்டது என்று எண்ணி இறங்கினர். உண்மையில் அது இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் மேற்கே இருந்தது.

இப்பிழை எவ்வாறு நேரும்? அக்காலத்து டொப்ளர் கருவி, கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பும். திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை அளந்து, கடந்த தூரத்தைக் கணக்கிடும். சிறு பிழையும் நெடுவழியில் சேர்ந்து பெருகும். கடற்பரப்பு அமைதியாயிருந்தாலோ திரும்பும் அலையும் வலுக்குன்றும். அக்கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை பிழையான பொருள் கொள்ள இடமளித்தது என விசாரணைக்குழு கருதியது.

மலைப்பிரதேசத்தின் மேல் பறக்கும் விமானம், சுற்றியுள்ள மிக உயர்ந்த தடைக்கும் மேலாக 2,000 அடி விட்டுப் பறக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. நல்ல விதிதான். எனினும் எந்த மலை அருகில் உள்ளது என்பதைத் தீர்மானிப்பது கணித்த இடமே. இடம் தவறினால் விதியும் பயனற்றுப்போகும்.

கணிப்பைச் சாராத ஒரு சாட்சி ஆகவே தேவைப்பட்டது. டொன் பேட்மன் என்னும் கனடா நாட்டுப் பொறியியலாளர் 1960களின் பிற்பகுதியில் அத்தகைய கருவியை உருவாக்கத் தொடங்கினார். விமானத்துக்கு நேர் கீழேயுள்ள நிலத்தின் தூரத்தை வானொலி அலையால் அளந்து, அது விரைவாகக் குறையுமாயின் உரத்த குரலில் எச்சரிப்பது அது. நோர்ட்டன் பிரிட்ஜ் விபத்துக்கு மூன்றே நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன் பின்னரே அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களுக்கு அக்கருவியைக் கட்டாயமாக்கியது.

எனினும் அதற்கு ஒரு குறை இருந்தது. அது கீழே பார்க்கும், முன்னே பாராது. திடீரென எழும் செங்குத்தான மலைமுகத்துக்கு அதன் எச்சரிக்கை பிந்திவிடும். உலகின் நில உயரங்களை நினைவகத்தில் பதித்து, முன்னே வரும் சிகரத்தை முன்னதாகவே அறிவிக்கும் கருவி 1990களில் வந்தது.

இன்று அக்குரல், “மேலே எழுப்பு” என்னும் பொருள்பட, இரவிலோ முகிலுக்குள்ளோ கேட்குமாயின், விமானிகள் காரணம் ஆராய்வதில்லை. தானியங்கியை விடுவித்து, எஞ்சின்களுக்கு முழு வலு அளித்து, இறக்கைகளைச் சமப்படுத்தி, மூக்கை உயர்த்துவர். குரல் ஓய்ந்து, பாதுகாப்பான உயரத்தை எட்டிய பின்னரே, எங்கே இருக்கின்றோம் என்ற கேள்வியை எழுப்புவர்.