உள்ளே வாங்கோ, ஒத்திகை நடக்குது!

செருப்பைக் கழற்றவேண்டாம், பார்த்து வாங்கோ. நிலமெல்லாம் ஈரப் பெயின்ட். திருகோணமலை உப்புவெளியில் ஒரு பாடசாலை மண்டபம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து போடும் நாடகத்துக்குக் கடைசி ஒத்திகை. பார்வையாளருக்கு அனுமதி இல்லையாம். நமக்குப் பின்கதவு திறந்திருக்கிறது!

வெளியே கச்சான் காற்று, உள்ளே மின்விசிறி ஓடவில்லை. பூசிய ஒப்பனை கழுத்துவரை வழிகிறது. ராஜாவின் ஒட்டுமீசை விழுந்துவிடாமல், மந்திரியாக வரும் பெண்பிள்ளை கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். மூலையில் ரெஜிபோம் துகள், பாதி தின்ற மாலுபணிஸ், யாருடையதென்று தெரியாத ஒற்றைச் சப்பாத்து.

அந்தச் சிங்களப் பெடியனைப் பாருங்கோ. தமிழ் வசனத்தைச் சிங்கள எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறான். வேர்வையில் பாதி அழிந்துபோச்சு. "நங்கி, பிறகு என்ன?" சொல்லிக்கொடுத்தவளுக்கு அடுத்த நிமிடமே தன் சிங்கள வசனம் மறந்துவிட்டது. இப்போது அவன்தான் வாத்தியார். சிரிப்பு அடங்கவில்லை. "ஆரது அங்க கதைக்கிறது?" என்று டீச்சரின் அதட்டல். நாமும் திரைக்குப் பின்னால் ஒடுங்குகிறோம்.

ஒரே நடிகர்கள் இரண்டு மொழியிலும் நாடகம் போடும் வித்தை இலங்கைக்குப் புதிதல்ல. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் 2003இல் தொடங்கிய 'மக்கள் களரி', கூடார அரங்கோடு ஊர் ஊராகப் போய் அதைத்தான் செய்தது. கல்வி அமைச்சும் 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கொள்கை கிடக்கட்டும். திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாது. பாடசாலைகள் மட்டும் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தே நிற்கின்றன. தரம் 6இல் இருந்து மற்றவர் மொழி ஒரு பாடம். கதைத்துப் பழகத்தான் ஆளில்லை. இங்கே ஆள் உண்டு, சண்டைபிடிக்கவும்!

சண்டை திரைக்கயிற்றுக்கு. இரண்டு பெடியன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது அறுந்துவிட்டது. இப்போது இருவரும் ஒரே மேசையில் ஏறி முடிச்சுப் போடுகிறார்கள். யாருடைய முடிச்சு உறுதி என்று அடுத்த சண்டை.

அஸர் பாங்கு கேட்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் தொழ எழும்ப, யாரும் சொல்லாமலே ஒத்திகை நிற்கிறது. பிளேன்டீ வந்துவிட்டது. தொழப் போனவர்களின் கோப்பைகளில் ஈ விழாமல் ராணி தன் கிரீட மட்டையால் மூடி வைக்கிறாள்.

நாளை மேடையில் ஒற்றுமை பற்றி ஒரு பெரியவர் பேசுவார். அதைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் பாடசாலை இப்படியொரு கூட்டு நாடகத்துக்குக் கடிதம் அனுப்பினால், சோதனையைச் சாட்டி மறிக்கவேண்டாம். அனுப்புங்கோ. பெரிய தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துவிடுங்கோ, வெக்கை தாங்காது.